கொட்டச்சேட்டில் யாரோ கூப்பிடுகிறார்கள்

அண்டாவில் தண்ணீர் சாய்ந்திருந்தது.

அண்டா நேராகத்தான் இருந்தது. அடுப்படிச் சுவரோரம் எப்போதும் இருக்கும் இடத்தில், எப்போதும் இருக்கும் நசுங்கலோடு இருந்தது. உள்ளேயிருந்த தண்ணீர் மட்டும் ஒரு பக்கம் விளிம்பு வரை ஏறி, மறுபக்கம் ஒரு சாண் இறங்கி, அப்படியே நின்று எதையோ யோசித்துவிட்டு, அவசரமில்லாமல் இந்தப் பக்கம் திரும்பி வந்தது. பிறகு மறுபடி அந்தப் பக்கம் போனது.

பாலகுமார் பல் துலக்கும் பிரஷ்ஷை வாயில் வைத்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். கப்பலை விட்டு இறங்கியவர்களுக்குச் சில நாள் தரை ஆடுகிற மாதிரி இருக்கும் என்று மச்சான் நவீன் சொல்லித்தான் அனுப்பியிருந்தான். தலை சுற்றும், கால் தள்ளாடும், எல்லாம் தானாகச் சரியாகிவிடும். அண்டாவுக்கும் அப்படி இருக்கும் என்று அவன் சொல்லவில்லை. அண்டா கப்பலில் வரவும் இல்லை.

மனைவி மேகலாவைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்று ஒரு கணம் நினைத்தான். வேண்டாம். இந்தப் பயணத்தில் அவள் அவனைப் பார்த்துச் சிரித்தது வருஷத்துக்குப் போதும்.

மற்றவர்கள் வந்து சுற்றிப் பார்க்கிற ஊரில் பிறந்தவன் அவன். பகோடா பாயிண்டிலும் ஏரிக்கரையிலும் யார் யாரோ எடுத்த போட்டோக்களில், பின்னால் சாக்குப்பையோடு நடந்து போகிற ஆளாக இந்தியா முழுக்கப் பல ஆல்பங்களில் இருப்பவன். அப்படிப்பட்டவனைக் கல்யாண நாளுக்காகச் சென்னைக்கு வரவழைத்து, மெரினா, மியூசியம், மெட்ரோ ரயில் என்று ஊரைச் சுற்றிக்காட்டி, கடைசியில் சொகுசுக் கப்பலிலும் ஏற்றிவிட்டான் நவீன். லைட் ஹவுஸ் உச்சியில் பாலகுமாருக்குத் தலை சுற்றியது. மலையில் இருக்கிறவருக்கு உயரம் என்றால் பயமா என்று நவீனின் நண்பர்கள் கேட்டார்கள். எங்கள் ஊரில் உயரம் முழுக்க மரம் இருக்கும், பிடித்துக்கொள்ளலாம் என்றான். எஸ்டேட்டில் ரைட்டராக இருக்கிறேன் என்று சொன்னதைக் கேட்டு ஒரு பெண் என்ன நாவல் எழுதியிருக்கிறீர்கள் என்று ஆர்வமாக விசாரித்தாள். காப்பிப் பழ மூட்டைக்கு எடை எழுதுகிற ரைட்டர் என்பதை அவளுக்கு விளக்குவதற்குள் ஐஸ்கிரீம் கரைந்துவிட்டது.

கப்பல், பெரிய லாட்ஜ் ஒன்றைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டது போல இருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் ஏசி குளிருக்குப் பழக்கதோஷத்தில் குரங்குக் குல்லாவை எடுத்து மாட்டிக்கொண்டான். அதோடு வரிசையில் நின்று இருக்கிற அத்தனை பதார்த்தத்தையும் தின்றான். தின்றதை எல்லாம் சற்று நேரத்தில் வங்காள விரிகுடாவுக்கே திருப்பிக் கொடுத்தான். மேகலா அதையும் போட்டோ எடுத்தாள்.

அதுவரைக்கும் எல்லாம் சிரிப்புதான்.

கரை திரும்புவதற்கு முந்தைய நாள் சாயங்காலம் கடல் மேல் பனி மாதிரி ஒன்று கட்டியது. மேல் தளத்தில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது, ஜனங்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவனும் மேகலாவும் கம்பி ஓரம் நின்றிருந்தார்கள். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. வெள்ளையாக, ஈரமாக, மூச்சு விடுகிற மாதிரி ஒரு திரை. அந்தத் திரைக்குள்ளிருந்து, கீழே, தண்ணீர் மட்டுமே இருக்கிற இடத்திலிருந்து, நீளமாக ஒரு குரல் வந்தது.

"ஓ…வ்."

கொட்டச்சேட்டுக்காரன் வேறென்ன செய்வான்? எஸ்டேட்டில் பனி மூடிவிட்டால் கண் உதவாது. சரிவில் பழம் எடுக்கிறவர்களில் யாருக்காவது வழி தவறினால் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பேர் சொல்வதில்லை. பேர் பனியில் கரைந்துவிடும், நீட்டிய சத்தம்தான் தூரம் போகும். காதில் விழுந்தவர் யாராக இருந்தாலும் உடனே குரல் கொடுத்தாக வேண்டும். அந்தத் திசையைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டவர் நடந்து வந்து சேர்ந்துவிடுவார். குரல் வரவில்லையென்றால் அவர் நடப்பது பாறை விளிம்பை நோக்கித்தான். வாய்ப்பேச்சே இல்லாத பங்காளிகள்கூடப் பனிக்குள் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொள்வார்கள். பனி விலகியதும் விட்ட இடத்திலிருந்து முறைத்துக்கொள்வார்கள். களத்தில் நின்று முதல் குரல் கொடுப்பது ரைட்டரின் வேலை. அவன் மீசை முளைத்த நாளிலிருந்து அதைச் செய்துவருகிறான்.

அதனால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து, "ஓ…வ், இந்தப் பக்கம் வாங்க" என்று கத்தினான்.

பாட்டு போடுகிற பையன் மைக்கில் அதையே திருப்பிச் சொன்னான். மொத்தத் தளமும் சிரித்தது. மேகலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, மானத்தை வாங்காதீங்க என்றாள். காவலாளி மரியாதையாக வந்து, விளக்கை அடித்துக் காட்டி, ஒன்றுமில்லை சார் என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் போனதும் மறுபடி குரல் வந்தது. இப்போது கப்பலின் சுவரை ஒட்டி, நேர் கீழே. யாராவது மீன்காரராக இருந்தால்? கட்டுமரம் கவிழ்ந்து, பிடிக்க ஒன்றுமில்லாமல்? அவனுக்கு மனசு கேட்கவில்லை. யாரும் சிரிக்காத அளவுக்குத் தாழ்ந்த குரலில், குனிந்து, இன்னொருமுறை பதில் சொன்னான்.

அதற்குப் பிறகு அது கூப்பிடவில்லை. வழி தெரிந்துகொண்டவர்கள் கூப்பிட மாட்டார்கள்.

அண்டாத் தண்ணீரை எடுக்காமல் குழாயில் வாய் கொப்பளித்துவிட்டு அவன் களத்துக்குப் போனான்.

பழக்காலம். செடிகள் சிவந்து கிடந்தன. பெண்கள் கூடையைக் கட்டிக்கொண்டு சரிவுக்கு இறங்குவதற்கு முன் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். பூவாயி அக்காவுக்குத்தான் முதல் கேள்வி கேட்கும் உரிமை. அந்த எஸ்டேட்டில் அவளைவிட வேகமாகப் பழம் எடுக்கிறவளும் இல்லை, அவளைவிட வேகமாக ஆளைக் கவிழ்க்கிறவளும் இல்லை.

"கப்பல்ல போயி என்ன பாத்தீங்க ரைட்டரே?"

"தண்ணிதானுங்கக்கா."

"இதுக்கா சாமி அவ்வளவு தூரம் போனீங்க? நம்ம ஏரியில இருக்கறது என்ன மோரா?"

சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். அவனும் சிரித்தான். நன்றாக இருந்தது.

மத்தியானச் சோற்றுக்குப் பிறகு பனி இறங்கியது. நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்களின் உச்சி முதலில் போனது, பிறகு மிளகுக் கொடிகள், பிறகு களத்தின் ஓரத்தில் காயப்போட்டிருந்த பழம். வழக்கமான பனிக்கு ஈரமண் வாசமும் அழுகிய இலை வாசமும் இருக்கும். இதில் வேறு ஏதோ கலந்திருந்தது. மீன் வலை காய்கிற வாசம். அவன் மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். கீழே ஓடைப் பக்கமிருந்து குரல் வந்தது.

"ஓ…வ்."

யோசிப்பதற்குள் வாய் பதில் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் உறைத்தது. ஓடைப் பக்கம் இன்று யாரையும் அனுப்பவில்லை.

இரண்டாவது குரல் சரிவின் நடுவில் கேட்டது. அதற்குப் பூவாயி பதில் கொடுத்தாள். கணீரென்ற குரல் அவளுடையது. "ஓ…வ், இங்கதான் கண்ணு, இந்தப் ப—" என்று வந்தது. அங்கே நின்றது. வெட்டியது போல இல்லை. நிறைந்த பாட்டிலின் வாயில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் ஒரு சத்தம் வருமே, அப்படி நின்றது.

காவல்கார மாதையன்தான் அவளைக் கண்டுபிடித்தார். சில்வர் மரத்தடியில் மல்லாந்து கிடந்தாள். வாய் இரண்டு பக்கமும் காது வரை கிழிந்திருந்தது. கீழ்த்தாடை கழன்று தோள்மேல் கிடந்தது. தொண்டை, பழம் கொட்டுவதற்காக விரித்துப் பிடித்த சாக்கின் வாயைப் போல விரிந்திருந்தது. நெஞ்செலும்புகள் வெளிப்பக்கமாக உடைந்து ரவிக்கையைக் குத்திக்கொண்டு நின்றன. காட்டுமாடு குத்தினால் எலும்பு உள்ளே போகும். இது சின்னச் சட்டைக்குள் பெரிய ஆள் ஒருவன் நுழையப் பார்த்துவிட்டு, பற்றவில்லை என்று கிழித்துப் போட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது.

அவளைத் தூக்கியபோது தொண்டையிலிருந்து தண்ணீர் கொட்டியது. நிற்கவே இல்லை. பாலகுமாரின் கை முழுக்க நனைந்தது. அந்தக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதபோது உதட்டில் பட்டது. உப்பு. கண்ணீரின் உப்பு இல்லை, கடலின் உப்பு.

காட்டுமாடுதான் என்றார் மேனேஜர் சிங்கராயர். வந்த போலீஸ்காரர்களும் அதையே சொல்லி எழுதிக்கொண்டு போனார்கள். வேறு என்ன எழுதுவார்கள்? அடக்கம் முடிந்து எஸ்டேட் லைன் வீட்டுக்கு வந்ததும் அவன் மேகலாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அண்டாவைச் சொன்னான், வாசத்தைச் சொன்னான், நான்தான் அதைக் கூட்டி வந்தேன் என்றான். அவள் சிரிக்கவில்லை.

"அன்னைக்குக் கப்பல்ல எனக்கும் கேட்டுச்சுங்க," என்றாள். "வெக்கப்பட்டுக்கிட்டு வாய மூடிட்டு நின்னேன். நொம்ப நாளைக்கு அது உறுத்தும்னு நெனச்சேன். நீங்க மனுசனா நடந்துக்கிட்டீங்க. அத யாரும் தப்புன்னு சொல்ல முடியாது."

"இனிமே வாயவே தொறக்காத மேகலா. யாரு கூப்பிட்டாலும். நான் கூப்பிட்டாலும்."

அவள் தலையாட்டினாள். அவன் கேட்டது அவளிடம் ஒன்றே ஒன்றுதான். அவனுக்கும் இந்த உலகத்தில் காப்பாற்றிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது அவன் எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது.

பழம் உதிர ஆரம்பித்துவிட்டது, இனியும் தள்ளிப்போட முடியாது என்று சிங்கராயர் ஆள் அனுப்பினார். வேலை தொடங்கிய காலை பாலகுமார் களத்துத் திட்டில் ஏறி நின்று எல்லோரிடமும் சொன்னான். பனி இறங்கினால் உடனே மேலே வந்துவிட வேண்டும். யாரும் கூப்பிடக் கூடாது. கூப்பிடுவது கேட்டாலும் யாரும் குரல் கொடுக்கக் கூடாது.

மாதையன் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

"எங்கப்பன் ஒருக்கா பனியில கூப்பிட்டாரு. அவருகூடப் பேச்சுவார்த்தையே இல்லாத ஆளு குரல் குடுத்துத்தான் ஊடு வந்து சேந்தாரு. அதனாலதான் நான் பொறந்தேன். கூப்பிட்டா வாய மூடிக்கிட்டு நிக்கறதுக்கு நான் என்ன கல்லுங்களா? மனுசத்தன்மைய அந்தக் கப்பல்லயே எறக்கி வெச்சுட்டு வந்துட்டீங்களா ரைட்டரே?"

அவன் திட்டிலிருந்து இறங்கி எடைச் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டான்.

அன்றைக்குப் பனி முற்பகலிலேயே வந்தது. மேலேயிருந்து இறங்கவில்லை. ஓடையிலிருந்து ஏறியது. தரையோடு தரையாக, நுரை மாதிரி, செடிகளின் அடித்தண்டை நக்கிக்கொண்டு. வலை வாசம். கரை ஒதுங்கிய எதுவோ வெயிலில் வெடிக்கிற வாசம். பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு மேலே ஓடி வந்தார்கள். கடைசி வரிசையில் இருந்த ஹரிணியும் இன்னொருத்தியும் வரவில்லை.

வீட்டில் தனியாக விட மனமில்லாமல் அவன் கூட்டி வந்திருந்த மேகலா பக்கத்திலேயே நின்றிருந்தாள். சேலையை இழுத்துச் செருகினாள்.

"நான் போயிக் கையப் புடிச்சுக் கூட்டியாறனுங்க. வாயே தொறக்க மாட்டேன். சரிங்களா?"

நான் போகிறேன் என்பது அவன் நாக்கு நுனி வரை வந்தது. பூவாயியின் தாடை கண்ணுக்குள் வந்தது. நாக்கு உள்ளே போய்விட்டது. மேகலா ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்து, அவனுக்குச் சிரமம் வைக்காமல், தானே திரும்பி இறங்கினாள். நாலு வரிசை தாண்டியதும் வெள்ளை அவளை மூடியது.

சற்று நேரத்தில் ஹரிணியும் மற்றவளும் பழத்தோல் உரிக்கும் பல்ப்பர் கொட்டகை வழியாகச் சுற்றிக்கொண்டு மேலே வந்து சேர்ந்தார்கள். வழியில் மேகலாவைப் பார்க்கவில்லை என்றார்கள்.

"ஓ…வ்."

கீழே. ஓடைப் பக்கம்.

யாரும் அசையவில்லை. பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள். சிலருக்குக் கண்ணில் நீர் வழிந்தது. ஒருவர் கூப்பிட்டு அவர்கள் பேசாமல் இருப்பது வாழ்க்கையில் அதுவே முதல் முறை.

"ஓ…வ்."

இன்னும் பக்கத்தில்.

மிளகுக் கொடிப் பக்கமிருந்து மாதையன் பதில் கொடுத்தார். வேண்டுமென்றே. உரக்க. "ஓ…வ், இங்க வாங்க, நான் நிக்கறேன்."

செடிகள் முறியும் சத்தம். ஒரே வரிசையில், நேராக, வேகமாக. பிறகு அந்தச் சத்தம். கட்டைவிரல் அழுத்தும் சத்தம். பச்சை மூங்கிலைப் பிளக்கிற மாதிரி ஒன்று. ஒன்றன் பின் ஒன்றாக. மாதையன் பனியைக் கிழித்துக்கொண்டு களத்தில் வந்து விழுந்தார். கொடுவாள் இன்னும் கையில் இருந்தது. அதன் நுனியில் ரத்தம் இல்லை, பாசி இருந்தது. சட்டைப் பொத்தான்கள் தெறித்திருந்தன. நெஞ்சு திறந்திருந்தது. கால் மட்டும் சிமெண்டுத் தரையைக் கொஞ்ச நேரம் உதைத்தது. உதைப்பது நின்றது. அவருக்கடியில் தண்ணீர் பரவி, காய்ந்துகொண்டிருந்த பழங்களை மெல்ல மிதக்க வைத்தது.

அவரும் பற்றவில்லை.

பிறகு மறுபடி ஒரு குரல். பாறைப் பக்கம். பெண் குரல்.

"ஓ…வ்."

அந்தச் சத்தத்துக்குப் பேர் கிடையாது. யார் கூப்பிட்டாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

"ஏனுங்க… நாந்தானுங்க. வழி தெரியலீங்க. காலுக்குக் கீழ பாறை மாதிரி இருக்குது. ஒரே ஒரு குரல் குடுங்க."

மேகலாதான். 'ஒரே ஒரு' என்பதை அவள் இழுக்கும் இழுவையில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. வாயைத் திறக்க மாட்டேன் என்றவள் திறந்திருக்கிறாள் என்றால் விளிம்பில் நிற்கிறாள்.

ஹரிணி அவன் கையைப் பிடித்தாள். "குடுங்கண்ணா," என்றாள் தாழ்ந்த குரலில்.

குரல் கொடுத்தால் அது அவனிடம் வரும். அவளை விட்டுவிட்டு அவனிடம் வரும். மேகலா பிழைப்பாள். கணக்கு அவ்வளவு சுலபமானது. அவன் வாயைத் திறந்தான். காற்று உள்ளே போனது. பனி உள்ளே போனது. உப்புக் கரித்தது. மாதையனின் நெஞ்சு கண்ணெதிரே திறந்து கிடந்தது. அவன் தன் புறங்கையை வாயில் வைத்துக் கடித்தான். தோல் கிழிந்தது. இன்னும் கடித்தான். எலும்பில் பல் பட்டது.

"ஏனுங்க, இருக்கறீங்களா?"

கடித்துக்கொண்டே நின்றான்.

அப்போது பாறைக்கும் கீழேயிருந்து, ஆகாயம் மட்டுமே இருக்கிற இடத்திலிருந்து, ஒருவன் பதில் சொன்னான். அவசரமில்லாத, பிரியமான குரல்.

"இங்கதான் இருக்கறன் மேகலா. பயப்படாத கண்ணு. வா."

அவனுடைய குரல். ஆனால் அவன் ஒருநாளும் அவளிடம் இவ்வளவு மென்மையாகப் பேசியதில்லை. எல்லாவற்றையும் கிண்டலாகச் சொல்லியே பழகிவிட்டான்.

"வந்துட்டனுங்க," என்றாள் மேகலா. எத்தனை நிம்மதி அந்தக் குரலில்.

அவன் கத்தினான். கையை வாயிலிருந்து பிய்த்துக்கொண்டு, அவள் பெயரைச் சொல்லி, போகாதே என்று, நான் இங்கே இருக்கிறேன் என்று, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு சரிவில் ஓடினான். செடி. கிளை. முகத்தில் கிளை. விழுந்தான். எழுந்தான். எங்கும் வெள்ளை. கட்டைவிரல் சத்தம் கேட்டது. மூங்கில் சத்தத்துக்காகக் காத்து நின்றான்.

அது வரவில்லை.

ஒரு எலும்பும் முறியவில்லை.

காலைச் சுற்றித் தண்ணீர் ஏறியது. மலைச்சரிவில், மேல்நோக்கி, சின்னச் சின்ன அலையாக. எதிரே பனி விலகி வழிவிட்டது.

மேகலா நடந்து வந்தாள். சேலை உடம்போடு ஒட்டியிருந்தது. முழுதாக இருந்தாள். கழுத்து மட்டும் இருக்க வேண்டியதைவிடத் தடித்திருந்தது. வாய் திறந்திருந்தது, உதட்டோரங்களில் மெல்லிய ரத்தக் கோடு. உள்ளேயிருந்து நாலு விரல்கள், ஊறி வெளுத்த விரல்கள், அவள் கீழ்ப்பல் வரிசை மேல் வளைந்து, ஜன்னல் விளிம்பைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டிருந்தன.

கண்கள் அவளுடையவை. அவை அவனை அடையாளம் கண்டுகொண்டன. அவற்றிலிருந்து நீர் வழிந்தது.

விரல்கள் பல்லை விட்டன. மெதுவாக, மணிக்கட்டு வரை வெளியே நீண்டன. அவள் கன்னத்தைத் தடவி மேலே ஏறி, அந்தக் கண்ணீரைத் துடைத்துவிட்டன.